பிடி இல்லாத பிள்ளை

எங்கள் ஊர் பனைமுடியில் ஆட்கள் இரண்டாகப் பிரிய ஆரம்பித்தது, உப்பளத்துக்குப் போகிற சாலைக்கு மூன்றாம் தடவையாகத் தார் போட்ட வருஷம், ஐப்பசி மழைக்கு முந்தின வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முதலில் பிரிந்தவர் டவுன் பஸ் கண்டக்டர் லிங்கத்துரை. டிக்கெட்டுக்காக முன்னாலிருந்து ஒருவரும் பின்னாலிருந்து ஒருவரும் வழக்கம்போல அவருடைய இடது தோளைப் பிடித்து இழுக்க, அவர் இரண்டு பக்கமும் போனார், முன்வாசலில் ஒரு லிங்கத்துரை, பின்வாசலில் ஒரு லிங்கத்துரை, இரண்டு பேரும் ஒரே குரலில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று சத்தம் போட்டார்கள், நாங்களும் உள்ளே போனோம், ஏனென்றால் அன்றைக்குக் கூட்டம் அப்படி.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டுக்கொண்டு வெளியூரிலிருந்து கண்ணாடி போட்டவர்கள் வந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார்கள், போனார்கள்; பதில் வரவில்லை, நாங்களும் கடிதம் போட்டுக் கேட்கவில்லை, எங்களுக்கு வேறு வேலை இருந்தது. ரேஷன் கடையில் ஒரே கைரேகைக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள், பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரு பெயரை இரண்டு முறை வாசித்தாள், டீக்கடைக்காரர் "ஒங்களுக்கு மட்டுமா, அவருக்கும் சேத்தா" என்று கேட்கப் பழகினார், கோயில் பாட்டுக்குழுவில் நல்ல குரல் இரண்டானதுபோலவே கெட்ட குரலும் இரண்டானது. ஆறு மாதத்துக்குள் ஒருவர் ஒருவராகவே இருப்பது எங்கள் ஊரில் கொஞ்சம் பரிதாபமான சங்கதி ஆகிவிட்டது.

இதைச் சொல்கிற நான் செல்வின், பஜாரில் பிளக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன், நானும் இரண்டானவன்தான். இன்னொரு செல்வின் கோவில்பட்டிக்குப் போய்விட்டான். எனக்குள் இருப்பதெல்லாம் அவனுக்குள்ளும் இருக்கிறது, ஒன்றுகூடக் குறையவில்லை, ஆனால் அவன் போன இடத்தில் அவனுக்கு ஆர்மோனியம் திறந்துகொண்டது, எங்கள் அப்பாவுடைய கோபம் மூடிக்கொண்டது. எனக்கு ஆர்மோனியம் மூடியே கிடக்கிறது, அப்பாவுடைய கோபம் மட்டும் தினமும் காலையில் திறந்துகொள்கிறது. ஒரே பெட்டி, யார் கூப்பிட்டால் எந்தப் பூட்டுத் திறக்கும் என்பதில்தான் வித்தியாசம் என்று எதிர்வீட்டுப் பியூலா எனக்கு ஒரு தடவை சொன்னாள்.

பியூலாவைப் பற்றித்தான் இந்தக் கதை. பிரிவது எப்படி என்று சொல்லாமல் அவளிடம் போக முடியாது.

பிரியப் போகிறவருக்கு ஏழு நாள் முன்னால் நிழல் இரண்டாகும். அன்றிலிருந்து உடம்பு கனத்துக்கொண்டே வரும், கட்டில் முனகும், உள்ளே எல்லாமே இன்னொன்றாகச் சேர்ந்துகொண்டிருக்கும். ஏழாம் நாள் உடம்பின் ஓரங்கள் கலங்கும், அப்போது இரண்டு பேர் எதிரெதிரே நின்று, அவருடைய உடம்பில் ஒரே ஒரு இடத்தை, கைமேல் கை வைத்துப் பிடித்து, ஈரச் சேலையை இரண்டு பெண்கள் உதறி மடிக்கிற மாதிரி, நிதானமாக ஆளுக்கொரு பக்கம் இழுக்க வேண்டும். அந்த இடத்துக்கு நாங்கள் பிடி என்று பெயர் வைத்தோம். பிடிக்க ஆளில்லாதவர் நழுவிப்போவார். தபால்காரர் சவரிராயன் தனிக்கட்டை, அவர் வீட்டுக்குள் போய்ப் பார்த்தபோது காக்கிச் சட்டையும் செருப்பும் பட்டுவாடா ஆகாத கடிதங்களும்தான் இருந்தன.

பிடி எங்கே இருக்கிறது என்பதற்கு உடம்பில் அடையாளம் கிடையாது, மச்சமில்லை, தழும்பில்லை, ஒரே அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ஒருவனுக்குக் கழுத்தடியிலும் இன்னொருவனுக்குக் கணுக்காலிலும் இருந்தது. யார் நம்மை முதன்முதலில் பிடித்தார்களோ, திரும்பத் திரும்ப எங்கே பிடித்தார்களோ, அங்கேதான் பிடி. சரியான இடத்தைத் தொட்டால் இரண்டு நிழலும் ஒரு கணம் ஒன்றாகச் சேரும், அதுதான் சோதனை. எனக்கு வலது மணிக்கட்டு; சின்ன வயதில் எங்கள் அப்பா அங்கே பிடித்துத்தான் அடிப்பார்.

பியூலா டவுனில் ஒரு ஆஸ்பத்திரியின் லேபில் குரோமோசோம் பிரிவில் வேலை பார்க்கிறாள். பிரிந்துகொண்டிருக்கிற செல்லை மருந்து விட்டுப் பாதியில் நிறுத்தி, படம் எடுத்து, அதிலிருக்கிற நாற்பத்தாறு குரோமோசோமையும் பிரித்து ஜோடி ஜோடியாக அடுக்குவது அவள் வேலை, பதினாலு வருஷமாக. ஊரே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்.

"இதுல என்ன அதிசயம் அண்ணாச்சி, நம்ம ஒடம்புக்குள்ள தெனமும் நடக்கிறதுதான. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இடுப்பு மாதிரி ஒரு எடம் உண்டு, சென்ட்ரோமியர்ம்பாவ. அத ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தாத்தான் செல்லு ஒழுங்காப் பிரியும். அந்த எடம் எங்கன்னு உள்ள எழுத்துல எழுதியிருக்கான்னா, இல்ல. போன தடவ எங்க பிடிச்சாங்களோ அந்த எடத்துல ஒரு அடையாளம் கெடக்கும், அதப் பாத்து இந்தத் தடவையும் அங்கயே பிடிக்கும். பிரிஞ்சதும் அடையாளம் ஆளுக்குப் பாதியாயிரும். மறுபடி நெரப்பிக்கணும், இல்லன்னா அடுத்தவாட்டி காணாமப் போயிரும்."

அவள் சொன்னதைக் கேட்டுத்தான் பிரிந்தவர்களை ஏழு நாள் அதே இடத்தில் பிடித்துக்கொடுக்கிற வழக்கம் எங்கள் ஊரில் வந்தது. அவளுக்கு யாரும் நன்றி சொன்னதாக நினைவில்லை.

எதையும் விசேஷமாக்காமல் எங்களால் இருக்க முடியாது. பிடிக்கிற இரண்டு பேரில் ஒருவர் தாய்மாமன், ஒருவர் அத்தை என்று முறை வந்துவிட்டது, பத்திரிகை அடித்தோம், பந்தல் போட்டோம், பிரியாணி போட்டோம், தாய்மாமன் கைக்கு மோதிரம், அத்தை கைக்கு வளையல், வாசலில் என் கடையிலிருந்து பத்தடிக்கு எட்டடி பேனர். தாய்மாமன் படம் அத்தை படத்தைவிட ஒரு விரற்கடை சின்னதாக இருந்தால் சாப்பிடாமல் எழுந்து போன குடும்பங்கள் உண்டு. நானும் நன்றாகச் சம்பாதித்தேன், பொய் சொல்லவில்லை.

ஹெலனுக்குப் பேனர் அடித்ததும் நான்தான். ஹெலன் எதிர்வீட்டுக் கிருபாவதியுடைய மூத்த தம்பி மகள், நர்சிங் படித்துக்கொண்டிருந்த இருபது வயசுப் பிள்ளை. கிருபாவதிக்குப் பிள்ளை இல்லை, ஹெலனைக் கைக்குழந்தையிலிருந்து இடது தோளோடு அணைத்துத் தூக்கி வளர்த்தது அவள்தான். ஹெலனுடைய தாய்மாமனோ, பன்னிரண்டாம் வகுப்புவரை வலது மணிக்கட்டைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவர். அத்தை தோளைத் தொட்டாள், நிழல் சேர்ந்தது. மாமன் மணிக்கட்டைத் தொட்டார், அதற்கும் சேர்ந்தது. இரண்டு பேரும் பிடித்தது உண்மை, இரண்டு பேரும் பிரியமாகத்தான் பிடித்தார்கள், "என் எடந்தான்" என்று இவளும் "என் எடந்தான்" என்று அவரும் பந்தலில் முந்நூறு பேருக்கு முன்னால் நின்றார்கள், விட்டுக்கொடுத்தால் குடும்பத்துக்கு அசிங்கம் என்று இரண்டு பக்கத்திலும் ஆட்கள் சொன்னார்கள், ஏழாம் நாள் வந்தது, ஆளுக்கொரு இடத்தைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஹெலன் நடுவில் கிழிந்தாள். ரத்தம் வரவில்லை, துணி கிழிகிற சத்தம்தான் வந்தது. கிழிந்த ஓரங்கள் தப்பும் தவறுமாக ஒட்டிக்கொண்டன, அடுத்த மாதம் மறுபடி நிழல் இரண்டாகி மறுபடி கிழிந்தது, மறுபடி ஒட்டியது, ஒவ்வொரு தடவையும் ஹெலனிடத்தில் ஏதோ ஒன்று குறைந்தது, படித்த படிப்பு, அம்மா பெயர், நடை, கடைசியில் அவள் அப்பா வீட்டு அடுப்படியில் தண்ணீர் கேட்கிற ஒரு குரல் மட்டும் மிஞ்சியது. அந்த வீட்டார் இன்னும் தினமும் ஒரு தம்ளர் தண்ணீர் வைக்கிறார்கள்.

அன்றிலிருந்து கிருபாவதி தன் கைகளை அக்குளுக்குள் கட்டிக்கொண்டாள். யாரையும் தொடுவதில்லை. சாப்பிட மட்டும் கையை எடுப்பாள், எடுத்தால் நடுங்கும்.

இந்தக் கிருபாவதியின் இளைய தம்பிதான் பியூலாவின் புருஷன். அவன் மூன்று வருஷத்துக்கு முன் லாரி மோதிச் செத்துப்போனான், அதற்கப்புறம் பியூலா, அவள் மகள் மகிமா, நாத்தனார் கிருபாவதி, மூன்று பேரும் என் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்தார்கள். மகிமா பியூலா பெற்ற பிள்ளை இல்லை. ஒரு இல்லத்திலிருந்து மூன்று வயதில் தத்தெடுத்து வந்தது. அங்கே நாற்பது பிள்ளைக்கு நாலு ஆயா, பால் பாட்டிலைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார்களாம். வந்தபோது அந்தப் பிள்ளை அழாது, சிரிக்காது, தூக்கினால் சாக்குமூட்டை மாதிரித் தொங்கும், யார் முகத்தையும் பார்க்காது. அதைத்தான் பியூலா ஆறு வருஷத்தில் பேச வைத்தாள், ஓட வைத்தாள், எதிர்த்து வாயாட வைத்தாள். ஒன்பது வயதில் மகிமா தெருவிலேயே பெரிய வாயாடி, என் கடைக்கு வந்து "இந்த மாமா மீசய ஏன் கம்ப்யூட்டர்ல பெருசாக்கியிருக்கீய" என்று கஸ்டமர் முன்னாலேயே கேட்டிருக்கிறாள்.

கோடை லீவில் ஒரு நாள் உச்சிவெயிலில் மகிமா மாடியில் துணி எடுக்கப் போனாள். பின்னாலேயே போன பியூலா, தரையில் பிள்ளையின் காலடியிலிருந்து இரண்டு நிழல் போவதைப் பார்த்தாள். அவள் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஏன் கத்தினாள் என்று எனக்கு உடனே புரிந்தது, எல்லோருக்கும் புரிந்தது. யாருமே பிடிக்காமல் மூன்று வருஷம் கிடந்த பிள்ளைக்கு எங்கே பிடி இருக்கும்?

அன்று சாயங்காலம்வரை பியூலா மாடியில் பிள்ளையை வெயிலில் நிறுத்தி வைத்துத் தேடினாள். உச்சந்தலையிலிருந்து ஆரம்பித்து, காது, கழுத்து, தோள், ஒவ்வொரு விரல், முதுகெலும்பின் ஒவ்வொரு கணு, இடுப்பு, முழங்கால், குதிகால், ஒரு விரற்கடை விடாமல் தொட்டுத் தொட்டுத் தரையைப் பார்த்தாள். நிழல்கள் சேரவில்லை. ஆறு வருஷம் அவளும் பிடித்தாளே என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன்.

"பிடிச்சேன் அண்ணாச்சி. ஒரு எடமா பிடிச்சேன்? கெடைக்காம கெடச்ச பிள்ளைன்னு கட்டிப் பிடிச்சேன், கன்னத்தப் பிடிச்சேன், கையப் பிடிச்சேன், காலப் பிடிச்சேன், தலைலருந்து கால்வர அள்ளி அள்ளிப் பிடிச்சேன். ஒரு எடத்துலயும் தங்கல. நா பாவி, அடையாளம் விழணும்னு தெரிஞ்சவ, எனக்கே தெரியாமப் போச்சே."

அவள் தன் தம்பி துரைசிங்குக்குப் போன் போட்டாள். இடமே இல்லாவிட்டாலும் தாய்மாமன் கை என்று ஒன்று இருந்தால் பிள்ளைக்குத் தைரியமாக இருக்கும் என்று நினைத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், அதனால் மகிமாவும் கேட்டாள்.

"அக்கா, நா சொல்லுதேன்னு கோவப்படாத. அது நம்ம ரத்தம் இல்ல. நா வந்து பிடிச்சு, நழுவிப்போச்சுன்னா, நாளைக்கு எம் பிள்ளைகளுக்குப் பிடிக்க எவன் என்னயக் கூப்புடுவான்?"

மகிமா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு, "அம்மா, நழுவிப்போனா எங்க போவேன்?" என்று கேட்டாள். பியூலா பிள்ளையின் இடது கையை இழுத்து, முழங்கை மடிப்பில், கட்டைவிரல் உள்ளேயும் நாலு விரல் வெளியேயுமாக அழுத்திப் பிடித்தாள்.

"இனிமே இங்கதான்," என்றாள். "இங்கருந்து எடுக்க மாட்டேன்."

லேபில் ஒரே ஒரு முறை அப்படி ஒரு ஸ்லைடு பார்த்திருக்கிறாளாம், பதினாலு வருஷத்தில் ஒன்று. அந்தக் குரோமோசோமுக்கு இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, துண்டாகிப்போயிருந்தது, அதோடு அது தொலைந்திருக்க வேண்டும். ஆனால் யாரும் எதிர்பார்க்காத இடத்தில், வெறும் ஓரத்தில், புதிதாக ஒரு இடுப்பு முளைத்து, அந்த ஆளின் உடம்பு பூராவும் அதைப் பிடித்துப் பிடித்தே பிழைத்துவந்திருக்கிறது. இல்லாத இடத்திலும் பிடி வரும். எப்படி வருகிறது என்று லேப் டாக்டருக்கும் தெரியவில்லை, அபூர்வம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு ஸ்லைடை நம்பித்தான் பியூலா பிடித்தாள்.

ஆறு நாள் பிடித்தாள். பிள்ளை குளிக்கும்போது பிடித்தாள், கக்கூஸுக்கு வெளியே கதவிடுக்கில் கையை விட்டுப் பிடித்தாள், ஒரு கையால் சோறு வடித்து மற்ற கையால் பிடித்தாள், தூக்கத்தில் கை தளர்ந்துவிடும் என்று துப்பட்டாவால் தன் கையையும் பிள்ளையின் முழங்கையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள், பிள்ளை கனத்துக்கொண்டே வந்தது, இரண்டு பிள்ளையின் கனம், முழங்கையில் தோல் சிவந்து கன்றிப்போனது, "வலிக்கும்மா, கொஞ்சம் தள்ளிப் பிடியேன்" என்று மகிமா கெஞ்சினாள், "தள்ளிப் பிடிச்சா நீ எனக்கு இல்லட்டி" என்று இவள் அழுதாள். தெருவே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. முதல் நாள் நிழல்கள் தனித்தனி, இரண்டாம் நாள் தனித்தனி, மூன்றாம் நாள் தனித்தனி, நாலாம் நாள் நண்பகலில் இரண்டும் லேசாக நடுங்கின, ஐந்தாம் நாள் ஒரு கண்ணிமைப்பு நேரம் ஒன்றாகச் சேர்ந்து பிரிந்தன. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் வாய்விட்டு அழுதுவிட்டார்கள். நானும் கண்ணைத் துடைத்தேன், ஆனால் அடுத்து நடந்ததைச் சொல்லாவிட்டால் நான் துடைத்ததற்கு அர்த்தமில்லை.

எதிர்ப்பக்கம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஆறாம் நாள் காலை பியூலா, பிள்ளையை முழங்கையோடு இழுத்துக்கொண்டு, தெருவில் ஒவ்வொரு வீடாகப் போனாள். முறை இல்லாமல் எப்படி என்றார்கள் சிலர், புதுப்பிடி, தாங்குமோ என்னமோ என்றார்கள் சிலர், பழி வந்து சேருமே என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசியில் என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்களாவது."

எனக்கு முதுகு வலி என்றேன். அன்று எனக்கு முதுகு வலி இல்லை. மகிமா என்னை ஒரு பார்வை பார்த்தாள், மீசையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அவர்கள் திரும்பிப் போனபோது கிருபாவதி வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். கைகள் அக்குளில்.

"ஏன் வீடுவீடா அலையுத பியூலா," என்றாள். "வீட்டுல நா ஒருத்தி இருக்கேன்ல."

"மைனி, ஒங்க கை..."

"நடுங்கும். நடுங்குனா என்ன, பிடிக்காதா? தோள் எங்க, மணிக்கட்டு எங்கன்னு இந்தத் தடவ நா கேக்க மாட்டேன். நீ பிடிச்ச எடத்துல, ஒங் கைக்கு மேலயே எங் கைய வைக்கேன். எனக்குன்னு ஒரு எடம் வேண்டாம்."

ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. பந்தல் இல்லை, பேனர் இல்லை. அந்த வீட்டு முற்றத்தில் அவர்கள் மூன்று பேர், மதிலுக்கு வெளியே நாங்கள் எல்லோரும். மகிமாவுக்குப் பச்சைப் பாவாடை, வலது முழங்காலில் சைக்கிளில் விழுந்த தழும்பு, தலையில் கனகாம்பரம். பியூலா முழங்கை மடிப்பைப் பிடித்தாள், அந்தக் கைமேல் கிருபாவதி தன் கையை வைத்தாள், அவள் விரல்கள் ஹெலனுக்கு அப்புறம் முதன்முதலாக ஒரு உடம்பைத் தொட்டன. தரையில் இரண்டு நிழலும் சேர்ந்தன. பிள்ளையின் ஓரங்கள் கலங்கின.

"அம்மா, அத்தை கை நடுங்குது."

"நடுங்கட்டும். நீ என்னயப் பாரு."

இழுத்தார்கள். நன்றாகத்தான் வந்தது, இதுவரை நான் பார்த்த எந்தப் பிரிவையும்விட நன்றாக வந்தது, கனகாம்பரம் இரண்டானது, நெற்றி இரண்டானது, பியூலாவின் பக்கம் ஒரு முகமும் கிருபாவதியின் பக்கம் ஒரு முகமும் திரும்பின, முழங்கை மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டு, மாவு இழுபடுகிற மாதிரி நீண்டுகொண்டே போனது. அப்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பாவாடை நூலோ என்னவோ, எங்கோ ஒரு தையல் விட்டது. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டதென்றால் கிருபாவதிக்கு எப்படிக் கேட்டிருக்கும்.

"கிழியுது! பிள்ள கிழியுது!" என்று அலறிக்கொண்டு அவள் கையை விட்டுவிட்டாள்.

பிள்ளை கிழியக் கூடாது என்றுதான் விட்டாள். ஹெலனை விடாமல் பிடித்துத்தானே கொன்றோம் என்று விட்டாள். விட்ட அந்த நொடியில் முழங்கை அறுந்து, உள்ளே இரண்டு இரண்டாகச் சேர்ந்திருந்த அத்தனையும், பேச்சும் சிரிப்பும் பயமும் படிப்பும் பிடியும், ஒரே பக்கமாக, பியூலாவின் பக்கமாக ஓடிவிட்டன. மகிமா அம்மாவின் மடியில் போய் விழுந்து, "அம்மா அம்மா வலிக்கு வலிக்கு" என்றாள். அந்தப் பக்கம் தரையில், அதே பச்சைப் பாவாடை, அதே தழும்பு, அதே கனகாம்பரத்தோடு ஒரு பிள்ளை கிடந்தது. மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. எதையும் பார்க்கவில்லை. பத்து மணி வெயிலில் அதற்கு நிழலே இல்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைப் பார்க்கவே முடியவில்லை. மகிமாவுக்கு எல்லாமே இரட்டை மடங்கு, காய்ச்சல் இரட்டை, பசி இரட்டை, பயம் இரட்டை, ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை, ஒரு நெஞ்சுக்குள் இரண்டு நெஞ்சு அடிப்பது வாசல்வரை கேட்டது, அவள் காலடியிலிருந்து போன இரண்டு நிழலும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருந்தன. அதிகமாக இருந்தாலும் ஆபத்துதான் அண்ணாச்சி, ஒன்று குறைந்தாலும் பிழை, ஒன்று கூடினாலும் பிழை, லேபில் அப்படி வரும் படங்களை நான் தனி உறையில் போடுவேன் என்று பியூலா சொல்லிச் சொல்லி அழுதாள். இரண்டு கையாலும் அந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், விட்டால் பிள்ளை பொங்கி வழிந்துவிடும் என்று பயந்தாள்.

தரையில் கிடந்ததை என்ன செய்வது என்று தெருவில் கூடிப் பேசினோம். நழுவினது, அது ஆள் இல்லை, பேர் வைக்காதீர்கள், துணியைப் போட்டு மூடி வைத்தால் ஏழு நாளில் தானாகக் கரைந்துவிடும் என்றார்கள், சவரிராயனைச் சொல்லிக் காட்டினார்கள். யாரோ ஒருவர் அதைத் தூக்கிக் கூடத்துக் கட்டிலில் போட்டார், சாக்குமூட்டை மாதிரித் தொங்கியதாகச் சொன்னார். வாயில் ஊற்றிய பால் வழிந்தது. கிருபாவதி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள், கைகளை அக்குளுக்குள் எவ்வளவு இறுக்கி வைத்திருந்தாளென்றால் மூச்சு விடுவதே தெரியவில்லை. இரண்டு நாள் பியூலா அவளோடு பேசவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் மத்தியானம். என் வீட்டு ஜன்னலிலிருந்து அவர்கள் கூடம் தெரியும். மகிமா கொஞ்சம் அயர்ந்திருந்தாள், பியூலா அவளைப் பிடித்தபடியே தலையைத் தூக்கி, முதன்முறையாக, கட்டிலில் கிடந்ததைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மைனி."

கிருபாவதி திரும்பவில்லை.

"மைனி, இங்க பாருங்க. இவ இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு இப்படித்தான் இருந்தா. ஒங்களுக்கு ஞாபகம் இல்லையா? கண்ணத் தெறந்துக்கிட்டு, யாரயும் பாக்காம. இது பொணம்லான்னு நீங்கதான சொன்னீய அன்னைக்கு."

"சொன்னேன்," என்றாள் கிருபாவதி, சுவரிடம். "பாவி சொன்னேன்."

"எனக்கு ரெண்டு கைதான் மைனி இருக்கு. ரெண்டும் இவகிட்ட இருக்கு."

கிருபாவதி அழுகையுமில்லாமல் பேச்சுமில்லாமல் ஒரு குரலில், "எங் கைய நம்பியா சொல்லுத?" என்றாள். "ஒருத்திய விடாமக் கொன்னேன். ஒருத்திய விட்டுக் கொன்னேன். இனி இந்தக் கை என்னத்தப் பிடிக்கும்?"

"வேற கை இல்ல மைனி."

அவள் எழுந்தாள். கட்டிலருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள். அக்குளிலிருந்து கையை உருவினாள், அது நடுங்கிக்கொண்டே கட்டில் விளிம்புவரை வந்து நின்றது.

"எங்ஙன பிடிக்க?"

"எங்ஙனனாலும் பிடிங்க," என்றாள் பியூலா. "மாத்தாமப் பிடிங்க."

கிருபாவதி அந்தப் பிள்ளையின் வலது கணுக்காலைப் பிடித்தாள். ஏன் கணுக்கால் என்று தெரியவில்லை, கைக்கு எட்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். என்ன என்று பியூலா கேட்டாள். முதுகு வலி சரியாகிவிட்டது என்றேன். அவள் கஞ்சிப் பானையைக் கண்ணால் காட்டினாள், அன்றிலிருந்து அந்த மூன்று பேருக்கும் நான்தான் ஸ்பூனால் ஊட்டுகிறேன், பியூலாவுக்கு, மகிமாவுக்கு, கிருபாவதிக்கு. நாலாவதாக அந்தப் பிள்ளையின் உதட்டில் பாலைத் தொட்டு வைக்கிறேன், முன்பு வழிந்தது, இப்போது பாதி வழிகிறது. ஏழு நாளில் கரைந்துவிடும் என்றார்கள், கரையவில்லை. தினமும் பன்னிரண்டு மணிக்குக் கட்டிலை இழுத்து முற்றத்து வெயிலில் போடுகிறேன், கிருபாவதியும் கணுக்காலோடு கூடவே நகர்ந்து வருவாள், நான் குனிந்து கட்டிலுக்கடியில் பிள்ளையின் நிழல் விழுகிறதா என்று பார்ப்பேன், அவள் கேட்பாள், நான் இல்லை என்பேன்.

இன்று பதினோராம் நாள். கட்டிலின் நிழல் இருந்தது, கிருபாவதியின் நிழல் இருந்தது. "இருக்கா செல்வின்?" என்று கேட்டாள். இன்னும் இல்லை அக்கா என்றேன். "சரி," என்றாள், கையை எடுக்கவில்லை.